செல்ஃப் எடுக்காத காரும் பூத்துப்போன டெர்மினலும்

காலை ஐந்தரை மணி. தங்கையின் வளைகாப்புக்குத் தஞ்சாவூர் கிளம்ப வேண்டும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடியும் ‘டக்’. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹார்ன் தெருவையே எழுப்புகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பேட்டரி போச்சு சார்” என்று தீர்ப்பு சொன்னார். நாலு பேர் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து திரும்பிய கையோடு புது பேட்டரி வாங்கினேன். மாட்டிவிட்ட பையன், டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு சுரண்டு சுரண்டிவிட்டுத்தான் மாட்டினான். அதைக் கவனித்தேன், யோசிக்கவில்லை. எட்டாவது மாதம் மறுபடியும் அதே ‘டக்’.

இந்தத் தடவை மாமா வீட்டில் இருந்தார். லாரி பட்டறையில் முப்பது வருஷம் தள்ளியவர். பானெட்டைத் திறந்தவர் ஒரு ஸ்பேனர்கூடக் கேட்கவில்லை. ப்ளஸ் டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகினார். ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி அது சுற்றியது. “மாப்ள, இது கையால திரும்பவே கூடாது” என்றார். அரை மணி நேரத்தில் வண்டி பழையபடி கிளம்பியது. செலவு, சமையலறையிலிருந்து எடுத்த ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. முந்தின பேட்டரியைக் கடையில் கொடுத்தபோது அதற்கும் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் ‘பேட்டரி போச்சு’ என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் டெர்மினலைப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது, ஏன் அது இவ்வளவு தொல்லை தருகிறது, வீட்டிலேயே எதுவரை செய்யலாம் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

லைட் எரியும், செல்ஃப் எடுக்காது: ஏன்?

கார் பேட்டரியின் தலையில் இரண்டு குட்டை முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ப்ளஸ், ஒன்று மைனஸ். அந்த முளையைச் சுற்றிக் கவ்விப் பிடித்திருக்கும் உலோக வளையம்தான் கிளாம்ப். கிளாம்பின் மறுபக்கத்தில் தடித்த ஒயர் இருக்கும். பட்டறையில் முளை, கிளாம்ப் இரண்டையும் சேர்த்தே ‘டெர்மினல்’ என்பார்கள். இங்கே குழப்பம் வேண்டாம் என்பதால் பேட்டரியோடு இருப்பதை முளை என்றும், ஒயரோடு இருப்பதைக் கிளாம்ப் என்றும் சொல்கிறேன்.

முளை ஈயத்தால் ஆனது. ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். பேட்டரியில் இருப்பது காரீயம். நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மெத்தென்று இருக்கும், உடம்புக்குள் போனால் விஷம். இந்த இரண்டு குணத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டுமே வேலைக்கு வரும்.

நாம் ‘செல்ஃப்’ என்று சொல்வது ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதன் மிச்சம். அது வருவதற்கு முன்பு காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். 1912 மாடல் கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகு, ஓர் ஆள் முழுப் பலத்தோடு செய்த வேலையை ஒரு மோட்டார் ஏற்றுக்கொண்டது. அந்த மோட்டாருக்குப் பசி அதிகம். இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 ஆம்பியர். சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் 100, 150 ஆம்பியர் என்று இழுக்கும். டீசல் வண்டியென்றால் இன்னும் மேலே.

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரே ஒரு வாசல், அதிலும் பாதியை யாரோ நாற்காலி அடுக்கி அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையல்காரர் இரண்டு பேர் போய்வருவதில் எந்தச் சிரமமும் தெரியாது. முதல் பந்தி ஆரம்பிக்கும்போது நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால்தான் வாசலின் லட்சணம் தெரியும். முளைக்கும் கிளாம்புக்கும் நடுவே அழுக்கு படிந்தால் நடப்பதும் இதுதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். அந்த இடத்தில் அழுக்கினால் 0.02 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பக்கம் வைத்து அளந்தால் கண்ணுக்கே படாத அளவு அது. ஹெட்லைட்டின் 9 ஆம்பியருக்கு அங்கே இழப்பு 0.18 வோல்ட். 12 வோல்ட்டில் அது போனால் யாருக்கும் தெரியாது. 150 ஆம்பியருக்கு? 3 வோல்ட். செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியே பத்தரை வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அதில் மூன்று போனால் மோட்டாருக்குக் கிடைப்பது ஏழரை. (உண்மையில் அவ்வளவு தடை இருந்தால் 150 ஆம்பியரே போகாது, குறைந்துவிடும். அதனால்தான் மோட்டார் சுற்ற மாட்டேன் என்கிறது.) உள்ளே இருக்கும் சொலினாய்டு, அதாவது மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கும் மின்காந்த ஸ்விட்ச், மட்டும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கும். நமக்குக் கேட்கிற ‘டக்’ அதுதான்.

இழந்த மின்சாரம் சூடாக மாறும். 3 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 450 வாட், கிட்டத்தட்ட அரை இஸ்திரிப்பெட்டி. விடாமல் நாலைந்து முறை செல்ஃப் அடித்துவிட்டுக் கிளாம்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அந்தச் சூடு தெரியும். தொட்டு மட்டும் பார்க்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குத் திருப்பித் தரும் சார்ஜும் இதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கிளாம்ப் சரியில்லையென்றால் பேட்டரி ஒருநாளும் வயிறு நிறையச் சாப்பிடாது. அரைப்பட்டினியாகவே கிடந்து உள்ளே ஈயத் தகடுகளும் கெட்டுப்போகும். ஆகவே ‘டெர்மினல் தானே, அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டால், பேட்டரி நிஜமாகவே போய்விடும்.

இந்தப் பூ எங்கிருந்து வருகிறது?

1859-இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த ஈய-அமில பேட்டரியின் அடிப்படைதான் இன்றைக்கும் நம் பானெட்டுக்குள் இருக்கிறது. ஈயத் தகடுகள், அவற்றைச் சுற்றி நீர்த்த கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழியாக மேலே வரும். குமிழி உடையும்போது அமிலத்தையும் பொடிச் சாரலாகத் தூக்கிக்கொண்டு வரும். மூச்சுத் துளை வழியாகவும், முளை பிளாஸ்டிக் மூடியைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் இருக்கும் மெல்லிய இடுக்கு வழியாகவும் அது கசியும். ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று எழுதியிருக்கும் பேட்டரிக்கும் மூச்சுத் துளை உண்டு, அதனால் அதில் பூக்காது என்று நம்ப வேண்டாம்.

அமிலம் ஈயத்தைத் தொட்டால் வெள்ளைப் பொடி, அது லெட் சல்பேட். ஒயரில் இருக்கும் செம்பையோ பித்தளைக் கிளாம்பையோ தொட்டால் நீலப்பச்சை. அது வேறொன்றுமில்லை, மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்து தோட்டத்தில் பூஞ்சாணத்துக்கு அடிப்பார்களே, அதே பொருள்தான் உங்கள் ப்ளஸ் டெர்மினலில் விளைந்திருக்கிறது. நட்டு, போல்ட் இரும்பாக இருந்தால் பழுப்புத் துரு. கோவில் குங்குமத் தட்டு மாதிரி கலர் கலராக இருக்கும், பார்க்க அழகுதான்.

கண்ணுக்குத் தெரியும் இந்தப் பூவைவிட மோசமானது தெரியாத ஒன்று. முளைக்கும் கிளாம்பின் உட்புறத்துக்கும் நடுவே ஒரு மங்கிய சாம்பல் படலம் ஒட்டிக்கொள்ளும். வெளியே துடைத்து வைத்த மாதிரி இருக்கும் டெர்மினலிலும் அது இருக்கலாம். கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு ‘சுத்தம் பண்ணியாச்சு’ என்பவர்களுக்கு வெளிப்பூ கரைந்துவிடும், படலம் அப்படியே இருக்கும். கோலா ஊற்றுவது இன்னொரு வைத்தியம். அதில் இருக்கும் லேசான அமிலம் பொடியைக் கரைக்கும் என்பது உண்மை, கூடவே சர்க்கரைப் பிசுக்கையும் விட்டுவிட்டுப் போகும். அப்புறம் எறும்புக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். கிளாம்பைக் கழற்றாமல் செய்யும் எந்தச் சுத்தமும் பாதிச் சுத்தம்தான்.

கழற்றும் வரிசை

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர் போதும், சிலவற்றுக்கு 8, 12 அல்லது 13. ஆப்ப சோடா, இனிமேல் வாய்க்குப் போகாத ஒரு பழைய டூத்பிரஷ், சின்ன ஒயர் பிரஷ் அல்லது 120-ஆம் நம்பர் உப்புத்தாள் ஒரு துண்டு, வாசலின், பழந்துணி. ரப்பர் கையுறையும் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் கண்டிப்பாக வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேரே டாக்டரிடம்.

ஊருக்குப் போய் வந்த சூட்டோடு ஆரம்பிக்காதீர்கள். அப்போதுதான் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். திறந்த இடத்தில் நிறுத்தி, அரை மணி விட்டு, பானெட்டைத் திறந்து காற்றாட விடுங்கள். பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ரேடியோவுக்குக் கோட் நம்பர் கேட்கும் வண்டியாக இருந்தால் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். பேட்டரியைத் திருப்பி மாட்டும்போது சில கார்கள் தானாகக் கதவைப் பூட்டிக்கொள்ளும்.

எது ப்ளஸ், எது மைனஸ் என்று ஒயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டியில் யாரோ எப்போதோ கறுப்பு ஒயரை ப்ளஸில் போட்டிருப்பார்கள். பேட்டரியின் மூடியிலேயே அடையாளம் வார்த்திருக்கும், அதைப் பாருங்கள். கூர்ந்து பார்த்தால் ப்ளஸ் முளை மைனஸ் முளையைவிட ஒன்றரை மில்லிமீட்டர் போலத் தடித்திருப்பதும் தெரியும். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த வித்தியாசம் அது.

கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது, புரிந்தால் மறக்காது. காரின் உடம்பு முழுக்க, அதாவது பாடி, இன்ஜின், சேஸி எல்லாமே மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸ் இணைப்பு இருக்கும்போதே ப்ளஸ் நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினீர்கள், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் எங்காவது பட்டது என்றால், பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு இரும்புத் துண்டால் நேராக இணைத்த கதைதான். நூற்றுக்கணக்கான ஆம்பியர், ஒரு நொடிக்குள். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் பாடி தனியாகிவிடும். அப்புறம் ப்ளஸ் ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. மைனஸ் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால்? இரண்டும் ஏற்கெனவே ஒன்றாக இருப்பவைதானே, பொறிகூட வராது.

என்னிடம் இருக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனரின் ஓரத்தில் எள்ளளவு ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த வரிசையை நான் ‘தெரியும், தெரியும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்து ஞாபகார்த்தம். இரும்பு அந்த இடத்தில் உருகி ஓடியிருக்கிறது. அந்த இடத்தில் மோதிரம் போட்ட விரல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் முதுகு சில்லிடும். மோதிரம், உலோகச் செயின் போட்ட கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் பானெட்டுக்குப் பக்கத்தில் போவேன். (பழைய பிரிட்டிஷ் வண்டி, உதாரணத்துக்கு அறுபதுகளுக்கு முந்தைய மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் பாடியோடு சேர்ந்திருப்பது ப்ளஸ். அங்கே வரிசை தலைகீழ். பாடியோடு சேர்ந்தது எதுவோ அதுதான் முதலில் வர வேண்டும்.)

நட்டைத் தளர்த்தியதும் கிளாம்ப் கையோடு வந்துவிட்டால் அதிர்ஷ்டம். வராவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பவும் வேண்டாம். மெத்தென்ற ஈயம் என்று சொன்னேன் அல்லவா, முளை உள்ளே தகடோடு ஒட்டியிருக்கும் இடத்தில் விட்டுப்போனால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது. கிளாம்பின் வாயில் இருக்கும் பிளவில் ஸ்க்ரூடிரைவரை விட்டு லேசாக விரித்து, இரண்டு பக்கமும் திருகித் திருகி மேலே இழுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் சோடாக் கரைசலைக் கொஞ்சம் விட்டு ஊறவைத்தால் பிடி தளரும். கழற்றிய கிளாம்ப் திரும்பப் போய் முளையில் உட்கார்ந்துவிடாமல் ஒரு துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள்.

சோடாவும் உப்புத்தாளும்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா. பிரஷ்ஷால் தொட்டுத் தடவியதும் ‘புஸ்ஸ்’ என்று நுரைக்கும். சோடா அமிலத்தைச் சமன் செய்யும்போது வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு அது. நுரை நிற்கிறவரை தடவுங்கள். நுரைக்கவில்லை என்றால் அங்கே அமிலம் மிச்சமில்லை என்று பொருள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த கட்டம் இதுதான், எவ்வளவு அழுக்கு இருந்தது என்பதைச் சத்தமே சொல்லிவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மேலே தண்ணீர் ஊற்றும் மூடிகள் உள்ள பேட்டரி என்றால் அவை எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா வெளியே இருக்கும் அமிலத்தை எப்படிக் கொல்கிறதோ அப்படியே உள்ளே போனால் பேட்டரிக்குத் தேவையான அமிலத்தையும் கொல்லும். ஆகவே டம்ளரோடு கவிழ்க்காமல் பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டுச் செய்யுங்கள். பிறகு கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு அலசி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

அடுத்து அந்தச் சாம்பல் படலம். முளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே உள்ளே புது ஈயம் பளபளக்கும். கிளாம்பின் உள்வளையத்தை உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்க்க வேண்டும். பளபளப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஈயம் கரைகிறது. வருஷா வருஷம் உற்சாகமாகத் தேய்த்தால் முளை மெலிந்து, கிளாம்பை முழுக்க இறுக்கினாலும் பிடிக்காமல் போகும். உதிரும் பொடியில் காரீயம் இருக்கிறது, வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடக் கூடாது.

மாமா இதோடு நிற்க மாட்டார். மைனஸ் ஒயரின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்ப்பார். அது பாடியிலோ கியர்பாக்ஸிலோ ஒரு போல்ட்டில் முடியும், பட்டறையில் ‘எர்த்’ என்பார்கள். மேல் டெர்மினல் தங்கம் மாதிரி இருந்தும் செல்ஃப் எடுக்காத பாதி வண்டிகளில் அந்த எர்த் போல்ட்தான் துரு பிடித்துக் கிடக்கும் என்பது அவர் கட்சி. பாதி என்பது அவர் கணக்கு. ஆனால் அதையும் கழற்றித் தேய்த்து மாட்டினால் நஷ்டமில்லை.

இப்போது மாட்டலாம். ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கிளாம்ப் முளையின் அடிவரை இறங்கி உட்கார வேண்டும், முளையின் தலை கிளாம்புக்குச் சமமாகவோ சற்று மேலேயோ தெரிய வேண்டும். ஸ்பேனரைக் கடைசியில் பிடித்துத் தொங்காமல், நடுவில் பிடித்து இறுக்கினால் போதும். கையால் திருகிப் பாருங்கள், மாமாவின் சோதனை. அசையக் கூடாது. மைனஸ் தொடும்போது சின்னப் பொறி ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம், வண்டியின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும் பொறி அது.

இறுக்கியபிறகுதான் வாசலின். முளை, கிளாம்ப், நட்டு எல்லாவற்றையும் மூடுகிற மாதிரி மெல்லிய பூச்சு. வாசலின் மின்சாரத்தைக் கடத்தாது, காற்றையும் அமிலச் சாரலையும் அண்டவிடாது என்பதற்காகத்தான் அது. அதனால்தான் முதலில் உலோகத்தோடு உலோகம், அதற்குமேல் பூச்சு. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பானெட்டுச் சூட்டில் அது ஒரு வாரம்கூட நிற்காது.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். முள் ஒன்றை ப்ளஸ் முளையின் தலையிலும் மற்றொன்றை அதே ப்ளஸின் கிளாம்பிலும் வைத்து, டிசி வோல்ட்டில் பாருங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் அருமை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் அழுக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. மைனஸிலும் இப்படியே. ஓம் பக்கம் வைத்து இதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது, பந்தி ஓடும்போதுதான் வாசலைச் சோதிக்க வேண்டும்.

பேட்டரி நிஜமாகவே போயிருக்கிறதா என்பதையும் அதே மீட்டர் சொல்லும். வண்டி ராத்திரி முழுக்க நின்றபிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது நல்லது. டெர்மினல் சுத்தமாக இருந்து, முழு சார்ஜும் இருந்து, செல்ஃப் அடிக்கும்போது முளைகளிலேயே 9.6-க்குக் கீழே விழுந்தால், எதிர்வீட்டுக்காரர் சொன்னது இந்தத் தடவை சரி.

கிளாம்பையே மாற்ற வேண்டியிருந்தால்

சில கிளாம்புகள் சுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கும். விரிசல் விட்டது, போல்ட் அரித்துப்போய் நூலாக நிற்பது, கிளாம்பின் இரண்டு வாயும் ஒன்றோடொன்று முட்டியபிறகும் லூஸாகவே இருப்பது. கடைசி வகைக்கு, முளையைச் சுற்றி ஒரு தகரத் துண்டையோ செப்புக் கம்பியையோ சொருகி இறுக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். வீடு போய்ச் சேர அது போதும், அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டாதீர்கள்.

கடைக்குப் போகும்முன் முளையின் தடிமனைப் பாருங்கள். ஜப்பானிய, கொரிய வம்சத்துச் சின்னக் கார்களில் பல மெல்லிய முளை பேட்டரியோடு வருகின்றன, பெரிய வண்டிகளில் தடித்த முளை. ஒன்றுக்கான கிளாம்ப் இன்னொன்றில் உட்காராது. பழைய கிளாம்பை போட்டோ எடுத்துக்கொண்டு போவது உத்தமம். பித்தளையிலும் கிடைக்கும், ஈயத்திலும் கிடைக்கும். பித்தளை உறுதி, ஆனால் அமிலம் பட்டால் பச்சை பூக்கும். ஈயம் முளையோடு நன்றாகப் படியும், ஆனால் அதிகமாக இறுக்கினால் இழுபடும். வாசலின் போடுகிற பழக்கம் இருந்தால் நான் பித்தளைக்கே ஓட்டுப் போடுவேன்.

இப்போது வரும் பல கார்களில் ப்ளஸ் கிளாம்பின் தலையிலேயே ஃபியூஸ் பெட்டி உட்கார்ந்திருக்கும். மைனஸ் கிளாம்போடு ஒரு சின்ன சென்சார் ஒட்டியிருக்கும், பேட்டரியின் நிலையை அளப்பது அது. இவற்றை வெட்டிவிட்டுப் பொதுக் கிளாம்ப் போடக் கூடாது, அந்த வண்டிக்கான பாகத்தையே வாங்க வேண்டும்.

சாதாரணக் கிளாம்ப் என்றால் இரண்டு பேட்டரி ஒயரையும் முதலில் கழற்றிவிட்டு, பழையதை ஒட்டினாற்போல் ஒயரை வெட்டி, ரப்பரை இரண்டு சென்டிமீட்டர் சீவிப் பாருங்கள். செம்பு இழைகள் ரோஸ் நிறத்தில் பளிச்சென்று இருந்தால் சரி. கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அமிலம் இழைகளுக்கு நடுவே ஏறிப் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். நல்ல செம்பு வருவதற்குள் ஒயர் கட்டையாகிவிட்டால் முழு ஒயரையும் மாற்றுவதுதான் வழி. இழுத்துப் பிடித்துக் கட்டிய ஒயர், வண்டி குலுங்கும்போதெல்லாம் முளையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒயரைக் கிளாம்பில் பிடிப்பதற்கு மேலே ஒரு பட்டை வைத்து இரண்டு போல்ட்டால் இறுக்கும் வகை சுலபமானது, வீட்டிலேயே முடியும். ஒயர் முனையில் ‘லக்’ என்னும் துளையுள்ள செப்பு முனையைப் போட்டு நசுக்கி, அதைக் கிளாம்பின் போல்ட்டில் மாட்டுவது அதைவிட நல்லது. ஆனால் இந்தத் தடிமனுக்கு நசுக்கும் கருவி வீட்டில் இருக்காது. ஒயரை மட்டும் எடுத்துக்கொண்டு பேட்டரிக் கடைக்கோ ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமோ போனால் ஐந்து நிமிட வேலை. கட்டிங் பிளையரால் நசுக்கிச் சமாளிப்பதைச் சொல்லிவிடுகிறேன்: செய்யாதீர்கள், நீங்கள் துரத்திய அந்த 0.02 ஓம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கழற்றிய ஈயக் கிளாம்பையும் குப்பையில் போட வேண்டாம், பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்து இரண்டே மாதத்தில் மறுபடி பூத்துவிட்டதா? அப்படியென்றால் குற்றவாளி டெர்மினல் இல்லை. டிஸ்டில்ட் வாட்டரை அளவுக் கோட்டுக்கு மேலே நிரப்பியிருக்கலாம். ஆல்டர்னேட்டர் 15 வோல்ட் பக்கம் கொடுத்து பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கலாம். பேட்டரியைத் தட்டில் அழுத்திப் பிடிக்கும் கம்பி இல்லாமல் அது மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்து முளையின் அடி இளகியிருக்கலாம். பேட்டரியின் வயிறு உப்பியிருந்தாலோ, முளையே ஆடினாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுத்தால் கடிகாரம் தவறான மணி காட்டும், தானாக ஏறும் கண்ணாடி ஒரு முறை முழுக்க ஏற்றி இறக்கிப் பிடித்தால்தான் பழைய பழக்கத்துக்கு வரும், இன்ஜின் முதல் சில நிமிடம் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். எல்லாம் சரியாகிவிடும். சட்டை மட்டும் சரியாகாது. அமிலத் துளி பட்ட பருத்தித் துணியில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப் போடும்போதுதான் வயிற்றுப் பக்கம் வரிசையாகச் சல்லடைத் துளை தெரியும், வீட்டில் விசாரணை அதற்கப்புறம் நடக்கும்.